ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை

1. சன்னலோரம்

எங்கள் வெப் சர்வீஸை முதன்முதலாக ஒரு தோட்டத்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டுப் பார்த்த அன்று அக்கரப்பத்தனைப் பக்கம் மழை மூன்று மடங்கு பெய்தது. வானத்தில் இல்லை, எங்கள் டேட்டாபேஸில்.

ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அப்போது வேலை செய்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆட்கள் கூடியிருக்கிறார்கள், மாடிப்படி மட்டும் அதே மாதிரி வழுக்குகிறது. முதலாளி குகன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர்தான், ஆனால் வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவர் வாயில் "ஓம்" தவிர வேறு வார்த்தை வராது. பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனி அவரிடம் வந்தது. ஒவ்வொரு டிவிசனிலும், அதாவது தோட்டப் பிரிவிலும், பெய்யும் மழையின் அளவு கொழும்புத் தலைமை ஆபீஸுக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்றார்கள். உரம் போடும் நாளைத் தீர்மானிக்க அது தேவையாம். வேலை என் தலையில் வந்து விழுந்தது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெப் சர்வீஸ் என்பது தோட்டத்து டிஸ்பென்சரி ஜன்னல் மாதிரி. வெளியே நிற்பவர் கேட்க வேண்டிய முறையில் கேட்டால், உள்ளே இருப்பவர் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் இரண்டு ஜன்னல்கள் வைத்தேன். ஒன்று போஸ்ட்: டிவிசன், திகதி, மழை எத்தனை மில்லிமீற்றர் என்ற மூன்றையும் அனுப்பினால் வாங்கி வைத்துக்கொள்ளும். மற்றது கெட்: டிவிசனின் பெயரைச் சொன்னால் பதிந்திருப்பதைத் திருப்பித் தரும். இந்த இரண்டையும் கூப்பிடுவதற்கு கைபேசியில் ஒரு கிளையன்ட் அப், அதாவது செயலி. இவ்வளவுதான். சர்வீஸ் எழுதும் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

பரீட்சித்துப் பார்க்கக் கம்பனி தேர்ந்தெடுத்தது நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தை. அந்த ஆபீஸின் கணக்கெல்லாம் எழுதும் பெரிய கிளாக்கர் மகாலிங்கம் ஐயாவுக்கு என்னைச் சின்ன வயதிலேயே தெரியும். அப்போது "ஏ புள்ள" என்பார். அன்று "வாங்க மிஸ்" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அந்த ஆபீஸில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு சன்னலோரம். ஐயா அங்கே நின்று அளவைத் தட்டி அனுப்பினார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை அமுக்கியபோதுதான் "பதிவாகியது" என்று வந்தது. உண்மையில் மூன்றும் போய்ச் சேர்ந்திருந்தன, திரும்பி வரும் வழியில்தான் பதில் தொலைந்திருந்தது. சர்வீஸும் மூன்றையும் கூட்டிக் கொழும்புக்குக் காட்டியது. கொஞ்ச நேரத்தில் கொழும்பிலிருந்து போன் வந்தது. ஐயா நிதானமாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், நேத்து இவ்வளோ மழ பேஞ்சிருந்தா நானும் நீங்களும் இந்த சன்னல்ல நிக்கமாட்டோம். மகாவலியில போயிக்கிட்டு இருப்போம்."

அன்றே சர்வீஸில் ஒரு விதியைச் சேர்த்தேன். ஒரு டிவிசனுக்கு ஒரு திகதிக்கு ஒரு பதிவுதான். இரண்டாவது வந்தால் 409 என்ற குறியீட்டோடு திருப்பி அனுப்பிவிடும். அந்த விதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

2. நாளைக்குப் பெய்யும் மழை

தோட்டத்தில் மழை அளக்கும் முறை பழையது. ஆபீஸ் முன்னால் புல்தரையில், கம்பி வேலிக்குள் ஒரு புனல். அதன் கீழ் ஒரு செப்புக் குவளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், ஒருவர் குவளையை எடுத்துக் கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்த்துக் கிளாக்கரிடம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை குவளையை யாரும் தொடுவதில்லை. சனி காலைக்குப் பிறகு பெய்தது முழுவதும் குவளையிலேயே கிடந்து திங்கட்கிழமைக் கணக்கில் சேரும். அதனால் எந்தக் குறையும் வந்ததில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் மழை சரியாக இருக்கும்.

எங்கள் அப் வந்த பிறகு குறை வந்தது. பதிவு அனுப்பாத டிவிசனின் பெயருக்குப் பக்கத்தில் தலைமை ஆபீஸ் திரையில் ஒரு கேள்விக்குறி விழும். அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கிளாக்கர்களுக்குப் போன் அடிக்கத் தொடங்கினார். மகாலிங்கம் ஐயாவுக்கு வந்த போனில் ஒன்று நுவரெலியாவில் ஒரு கல்யாணப் பந்தியில் இருக்கும்போது வந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லாக் கிளாக்கர்மாரும் ஒரே குரலில் கேட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸை மூடும்போதே ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துப் போட வசதி வேண்டும்.

"நாளைக்கு பெய்யுற மழைய இன்னைக்கு எப்படிங்க ஐயா போடுறது?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நாங்க அளக்கிறதே இல்லையே மிஸ். சைபர்தான். சைபர் போட்டுட்டா அந்த மனுசன் போன் பண்ணமாட்டாரு."

குகன் சேர் என் காதுக்குக் கிட்டே வந்து சொன்னார். "மாலா, அவையள் கேக்கினம். ஒரு நாள் முன்னுக்குப் போட விட்டால் என்ன குறைஞ்சு போகும்? செய்து குடுங்கோ."

உரம் போடுவதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்றால் அவர் சொன்னதில் தவறில்லை. மாதக் கூட்டுத்தொகை எப்படியும் சரியாக வரும். ஒரு நாள் முன்கூட்டியே பதிவதை அனுமதித்தேன். கேள்விக்குறிகள் போயின. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

3. நிறங்கள்

அடுத்த மழைக்காலத்தில் வேறொரு பக்கத்தில் மண் சரிந்து ஆட்கள் சாகவும், தலைமை ஆபீஸில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. மழைக் கணக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைக் கொண்டு அபாயத்தையும் சொல்லிவிடலாமே? சர்வீஸில் மூன்றாவது ஜன்னல் திறக்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு நாள் மழையைக் கூட்டிப் பார்த்து, கொஞ்சமாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகக் கூடினால் சிவப்பு. தானாக அளக்கும் கருவிகளைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒவ்வொரு லயத்திலும் பொறுப்பான ஒருவருடைய கைபேசியில் கிளையன்ட் அப்பைப் போட்டுக் கொடுத்தோம்.

எங்கள் தோட்டத்தில் பணிய லயத்துக்கு அந்தப் பொறுப்பு என் அக்கா பூமணியின் வீட்டுக்காரர் தங்கராஜ் மாமாவுக்குக் கிடைத்தது. அவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராகவும் இருந்தார். பணிய லயம் என்றால் பள்ளத்தில் இருக்கும் லயம். பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை, முன்னால் மழைநீர் வடியும் கான், அதற்குக் கீழே ஓடை. மழை நாட்களில் வாசலில் நின்றுகொண்டு ஆட்கள் "தலைவரே, என்ன கலரு?" என்று கேட்பார்கள். மாமா போனைப் பார்த்துச் சொல்வார். அவருக்கும் அது பெருமைதான்.

ஒரு தடவை சிவப்பு வந்தது. மாமா எல்லோரையும் கிளப்பி, சட்டி பானையோடு மேலே இருக்கிற பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப் போனார். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் பகலில் குழந்தைகளை விடும் இடம் அது. இரவு முழுக்க அங்கே குந்திக்கொண்டிருந்தார்கள். மண் ஒரு கூடைகூட விழவில்லை. அதற்குப் பிறகு மாமாவுக்குப் பின்னால் "செவப்புத் தலைவர்" என்று ஒரு பெயர் ஓடியது. அவருக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது.

4. ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். சனி பின்னேரம் தொடங்கிய மழை விடவே இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது குடை எதற்குமே உதவவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்து பார்த்தேன். கான் தண்ணீர் மண் நிறத்தில் ஓடியது. பின்சுவரின் அடியில் ஈரம் கசிந்து அடுப்படிக்குள் வந்திருந்தது.

"மாமா, பின்னாடி பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆனா போனு பச்சைங்குதே."

அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீ செஞ்ச சாமான்தானே மாலா. அது பச்சைங்குது, நீ பயப்படுறே."

மாமாவின் போனை வாங்கிப் பார்த்தேன். பச்சைதான். உள்ளே திறந்து பதிவைப் பார்த்தேன். ஞாயிறு, மழை சைபர். பதிவு செய்த நேரம் சனிக்கிழமை மத்தியானம். மழை தொடங்குவதற்கு முன்பே, மழை பெய்யவில்லை என்று போட்டுவிட்டு மகாலிங்கம் ஐயா வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்த லயத்தில் உள்ள அத்தனை பேரும் அந்தப் பச்சையை நம்பிக்கொண்டு பிள்ளைகளைத் தூங்க வைத்திருந்தார்கள்.

"மாமா, இது மழையைப் பாத்து வந்த பச்சை இல்ல. நேத்து மத்தியானமே போட்டு வச்ச பச்சை. எல்லாரும் மேல போகணும்."

"நீ சொல்லுவ. இன்னொரு தடவ இவங்கள சும்மா கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா, அப்புறம் என் பேச்ச எவன் கேப்பான்? அதுவும் பச்சை காட்டுறப்ப."

"சரி. என்னோட ஆபீஸ் வரைக்கும் வாங்க. குவளையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையில் உரப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

ஆபீஸைக் காவல் காக்கும் வாச்சர் வேலிக் கதவைத் திறந்து, கண்ணாடி அளவையையும் எடுத்துத் தந்தார். குவளை விளிம்பு வரை நிறைந்திருந்தது. மாமாவே ஊற்றினார். அளவை நிறைந்தது, கொட்டினார், மறுபடி நிறைந்தது. கொட்டிய தண்ணீரை ஒரு துளி சிந்தாமல் வாச்சர் ஒரு வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"திங்கக்கெழம ஐயா கேட்டா நான் எந்தத் தண்ணியக் காட்டுறது?"

மாமா ஊற்றி முடித்தார். நான் சன்னலோரம் நின்று உண்மையான அளவை அப்பில் தட்டி அனுப்பினேன். சிவப்பு வந்துவிட்டால் தோட்டத்து மேனேஜர் தொரையே ஆட்களை வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார். அனுப்பிய வேகத்தில் பதில் வந்தது. 409. இந்தத் திகதிக்கான பதிவு ஏற்கெனவே உள்ளது.

"என்னாங்குது?" என்றார் மாமா.

"இன்னைக்கு மழை இல்லைன்னு ஏற்கனவே முடிவாயிருச்சாம்."

"யாரு முடிவு பண்ணா?"

"எல்லாரும் சேந்துதான்."

குகன் சேருக்குப் போன் செய்தேன். அவர் யாழ்ப்பாணத்தில் கோயிலில் நின்றார். மேளச் சத்தம் கேட்டது. "மாலா, லப்டொப் ரெண்டும் ஹட்டனிலை எல்லோ கிடக்கு. டேட்டாபேஸை நாளைக்குக் காலமை திருத்துவம்" என்றார். அடுத்தது மேனேஜர் தொரை. சிங்களவர், தோட்டத்திலேயே தமிழ் படித்தவர்.

"மிஸ் சொல்றது நான் நம்புறேன். ஆனா என்ட போன்லயும் பச்சைதான். பச்சைக்கு நான் ஓர்டர் போட்டா ஹெட் ஆபீஸ் என்னைத்தான் கேக்கும். ஆளுங்க தானா போனா நான் வேணாம் சொல்லமாட்டேன். பிள்ளைக் காம்பரா சாவி வாச்சர்கிட்ட இருக்கு. நான் சொன்னேன்னு வாங்குங்க."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சாவி இல்லாவிட்டால் எங்கே போயிருப்போம்?

லயத்துக்குத் திரும்பினோம். நான் வாயைத் திறக்கும் முன் மாமா வாசலில் நின்று பேசினார்.

"எல்லாரும் கிளம்புங்க. மேல போறோம்."

"என்ன கலரு தலைவரே?" என்றது ஒரு குரல்.

"பச்சைதான்."

சிரிப்பு எழுந்தது. மாமா அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"போன தடவ போனு சொல்லுச்சுன்னு கூட்டிட்டுப் போனேன். இன்னைக்கு நான் சொல்றேன். என் கையால ஊத்திப் பாத்துட்டு வந்திருக்கேன். இந்தா, இதச் செஞ்சவளே பக்கத்துல நிக்கிறா, அவளும் இத நம்பாதீங்கன்னுதான் சொல்றா. காலையில ஒண்ணும் விழலைன்னா என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

நான் செய்த ஒன்றை நம்பாதீர்கள் என்று என் ஆட்கள் முன்னால் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான். முதலில் அக்கா தன் இளைய மகன் சின்னவனைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. முணுமுணுத்தார்கள், திட்டினார்கள், ஆனால் வந்தார்கள். இருட்டுவதற்குள் பணிய லயம் காலியாகிவிட்டது.

5. திங்கள்

விடியும் நேரத்தில் மலை இறங்கியது. சத்தம் நான் நினைத்திருந்ததைவிடக் குறைவு. வெளிச்சம் வந்ததும் மேட்டில் நின்று பார்த்தோம். லயத்தின் பின்பக்கம் முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. அக்காவின் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி நேராக நின்றது. அக்கா அழவில்லை. சின்னவனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுதது நான்தான்.

நாங்கள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது மாமாவின் போன் அதிர்ந்தது. சிவப்பு. ஆபீஸில் மகாலிங்கம் ஐயா வழக்கம்போல் குவளையை அளந்து, வாளித் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டி, திங்கட்கிழமைக் கணக்கில் போட்டிருக்கிறார். சர்வீஸ் உடனே தன் கடமையைச் செய்தது. அடுத்த நிமிடம் ஐயாவின் போன் எனக்கு வந்தது.

"மிஸ், செவப்பு வந்துருச்சு. பணிய லயத்து ஆளுங்கள ஒடனே வெளியேத்தச் சொல்லுங்க."

"ஆளுங்க மேல இருக்காங்க ஐயா. லயந்தான் இல்ல."



பிறகு ஐயாவை நேரில் பார்த்தபோது, "என் இத்தன வருச சர்வீஸ்ல மாசக் கணக்கு ஒரு நாளும் பிழையானதில்ல மிஸ்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னது உண்மை. அந்த மாதக் கணக்கும் பிழையாகவில்லை.

6. அளந்தவர் பெயர்

குகன் சேர் வந்ததும் மாற்றங்களைச் சொன்னேன். இன்னும் வராத நாளுக்குப் பதிவு கிடையாது. அளக்காத நாளுக்குச் சைபர் இல்லை, வெறுமையாகவே இருக்கும். வெறுமையாக இருந்தால் கிளையன்ட் பச்சை காட்டாது. சாம்பல் நிறத்தில் "அளக்கவில்லை" என்று காட்டும். தவறான பதிவைத் திருத்த வழி இருக்கும். அளவோடு அளந்தவர் பெயரும் நேரமும் சேர்ந்து வரும்.

"தெரியாது எண்டு சொல்லுற சிஸ்டத்தை ஆர் வாங்குவினம் மாலா?" என்று கேட்டார்.

அக்காவின் அடுப்படியைப் போனில் எடுத்திருந்தேன். காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செய்யுங்கோ" என்றார். அதற்குப் பிறகு கம்பனிக் கூட்டத்தில் எனக்காகச் சண்டை பிடித்ததும் அவர்தான். அவர் "இல்லை" என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

முதல் இரண்டு வாரமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புத் திரை முழுக்கச் சாம்பலாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஞாயிறு அளக்க ஆள் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. எங்கள் தோட்டத்தில் அந்த வேலையை மாமாவிடம் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. சைபர் ஒரு பதில். பதில் இல்லை என்பது வேறு. கிளையன்ட் கேட்கும்போது ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுக்கும் சர்வீஸ் 200 ஓகே, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லிக்கொண்டே பொய் சொல்லும். அப்பில் நிரப்பும் எந்தக் கட்டத்தையும் கட்டாயமாக்கும் முன், அதை நிரப்பப் போகிறவர் யார், எப்போது வீட்டுக்குப் போவார், நிரப்பாவிட்டால் அவருக்கு யார் போன் அடிப்பார்கள் என்று கேளுங்கள். கோட் எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா குடும்பத்துக்கு இப்போது மேட்டு லயத்தில் ஒரு காம்பரா கிடைத்திருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தேன். வெளியே நல்ல மழை. பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, பயந்துபோய் வந்து அக்காவிடம் கேட்டாள். அக்கா போனை எடுத்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் விரலால் தேடினாள்.

"எங்க வீட்டுக்காரரு பேருதான் போட்டிருக்கு. இந்த மனுசன் வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கமாட்டாரு. ஆனா காலையில நனைஞ்சுக்கிட்டே போயி அளந்துட்டு வந்தாரு, நான் பாத்தேன். நீ போயி புள்ளையத் தூங்க வையி."

அந்தப் பெண் போய்த் தூங்க வைத்தாள்.